'பெர்னாண்டஸ்' என்றால் என்ன? இடைக்கால லத்தீன் பெயர் ஒன்று கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களிடம் வந்த கதை

உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருந்திருப்பார். பெயர்ப் பட்டியலில் ஆறுமுகம், கணேசன், லெட்சுமி என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று ஒரு பெர்னாண்டஸ். வீட்டில் தமிழ்தான் பேசுவார். தீபாவளிக்கு நம்ம வீட்டு முறுக்கைச் சாப்பிடுவார், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரும். ஆனாலும் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "நீ என்ன, பாதி போர்த்துக்கீசா?"

கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் நடுவில் இருக்கிறது தெலுக் பங்லிமா காராங். அங்கே வளர்ந்த காலத்தில் இந்தக் கேள்வியை நான் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவருக்கும் பெரும்பாலும் பதில் தெரியாது. "தாத்தா பேரு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சின்ன பதில் இதுதான்: பெர்னாண்டஸ் என்ற பெயரை வைத்து ஒருவரின் ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எந்தக் கடற்கரையில், எந்தக் கோயில் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் ஏறியது என்பதற்கு அது ஒரு தடயம், அவ்வளவுதான். பெரிய பதில் கொஞ்சம் சுவாரசியமானது. அதில் ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள், புனித அந்தோணியார், தூத்துக்குடி முத்து, நம்ம 'ஏ/எல்' எல்லாமே வருகின்றன.

பெயரின் பொருள் என்ன?

பெர்னாண்டஸின் வேர்ச்சொல் பெர்னாண்டோ. லத்தீன் ஆவணங்களில் இந்தப் பெயர் 'பெர்டினாண்டுஸ்', 'பிரெடெனாண்டுஸ்', 'பெர்னாண்டுஸ்' என்று பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வேர் லத்தீன் கிடையாது. ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்த 5-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதிக்குள் வந்த விசிகோத் என்ற ஜெர்மானிய மக்களின் பெயர் இது.

இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். பின்பாதிக்கு 'துணிச்சல்' என்று பொருள். முன்பாதி 'சமாதானம்' என்று சிலரும், 'பயணம்' என்று சிலரும் சொல்கிறார்கள். பிறகு இந்தப் பெயர் போன தூரத்தைப் பார்த்தால் எனக்கு 'பயணம்' என்ற விளக்கம்தான் பிடித்திருக்கிறது. அது என் ஆசை, மொழியியல் அல்ல.

விசிகோத் ஆட்சி 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. அவர்கள் மொழியும் மறைந்தது. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன, ஏனென்றால் அவற்றை லத்தீனில் எழுதிவைக்க எழுத்தர்கள் இருந்தார்கள். நிலப் பத்திரம், உயில், மடத்துக்குக் கொடுத்த தானம் என எல்லாவற்றுக்கும் அப்போது எழுத்து மொழி லத்தீன்தான். நம்ம ஊர்க் கல்வெட்டுகளில் கோயிலுக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்று வருமே, அந்த மாதிரி.

லியோன், காஸ்டீல், போர்த்துக்கல் என்று பல அரசுகளில் பெர்னாண்டோ என்ற பெயரில் மன்னர்கள் வந்தார்கள். 1248-இல் செவில் நகரைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்னாண்டோ பின்னாளில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். மன்னர் பெயர் என்றால் மக்களும் வைப்பார்கள். நமக்கு ராஜராஜன், ராஜேந்திரன் மாதிரி.

அந்தோணியாரின் இயற்பெயர் தெரியுமா?

கோலாலம்பூர் புடுவில் இருக்கும் புனித அந்தோணியார் தேவாலயத்திற்கோ, கொழும்பு கொச்சிக்கடைக்கோ போயிருப்பீர்கள். கத்தோலிக்கராக இருக்கணும் என்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் இந்துக் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

அந்த அந்தோணியார் 1195-இல் லிஸ்பன் நகரில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் பெர்னாண்டோ. 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணியோ என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1231-இல் இத்தாலியின் பதுவா நகரில் இறந்தார். ஆக, அந்தோணிசாமியும் பெர்னாண்டோவும் ஒரு வகையில் ஒரே ஆளின் இரண்டு பெயர்கள்.

ஸ்பெயினிலும் முதலில் அப்பா பெயர்தான்

பெர்னாண்டோ என்பது ஆளின் பெயர். பெர்னாண்டஸ் என்பது 'பெர்னாண்டோவின் மகன்'. கோமஸ், ரொட்ரிக்ஸ், லோபஸ், மார்ட்டின்ஸ் எல்லாம் இதே கதை. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிக்ஸ், லோபோவின் மகன் லோபஸ்.

கடைசியில் வரும் அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது என்பதில் மொழியியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. லத்தீனின் ஆறாம் வேற்றுமையிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நாம் 'உடைய' என்று சொல்வதை லத்தீன் சொல்லின் கடைசி எழுத்தை மாற்றியே சொல்லிவிடும். 'ரொடெரிகுஸ்' என்றால் ரொட்ரிகோ, 'ரொடெரிசி' என்றால் ரொட்ரிகோவுடைய. இடைக்கால எழுத்தர்கள் ஒருவரை அடையாளம் காட்ட அவர் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரை இந்த 'உடைய' வடிவத்தில் போட்டார்கள்.

இங்கேதான் நமக்கு ரொம்பத் தெரிந்த ஒரு விஷயம் வருகிறது. 10-ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் பகுதியை ஆண்ட பிரபுக்களைப் பாருங்கள். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்று ஒருவர். அவருடைய மகன் பெர்னான் கொன்சாலஸ், 970-இல் இறந்தவர். அவருடைய மகன் கார்சியா பெர்னாண்டஸ். அவருடைய மகன் சாஞ்சோ கார்சியா.

நான்கு தலைமுறை, ஒரே குடும்பம். பின்னால் வரும் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கிறது. கந்தசாமி மகன் முருகன், முருகன் மகன் செல்வம், செல்வம் மகன் பிரகாஷ் என்று நாம் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. "தமிழர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையா, அதெப்படி?" என்று யாராவது வெளிநாட்டில் ஆச்சரியப்பட்டால் இந்த நாலு பேரையும் சொல்லிக் காட்டலாம்.

அப்புறம் அந்தப் பெயர் உறைந்துபோனது. சொத்து, வரி, வாரிசு என்று பதிவு வேலை அதிகமாக ஆக, அப்பா பெயர் தாத்தா பெயராகி, பிறகு குடும்பத்தின் பெயராகவே நின்றுவிட்டது. ஒரே நாளில் நடந்ததல்ல, இடைக்காலத்தின் கடைசி சில நூற்றாண்டுகளில் ஊருக்கு ஊர் வேறு வேகத்தில் நடந்தது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று சொன்ன பிறகு, பெயர் இன்னும் இறுகியது. அதற்குப் பிறகு பெர்னாண்டஸின் அப்பா பெயர் பெர்னாண்டோவாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பொருள் போய்விட்டது, சொல் மட்டும் நின்றது.

முத்துக்குளித்துறைக்கு எப்படி வந்தது?

1530-களில் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருந்த கடற்கரையில் முத்துக்குளிப்பு யார் கையில் இருக்கவேண்டும் என்று பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. முத்துக் குளித்தவர்கள் பரவர் சமூகத்தினர். கடல் வணிகத்தில் பலமாக இருந்த முஸ்லிம் வணிகர்களுடன் அவர்களுக்கு மோதல். அப்போது கொச்சியில் போர்த்துக்கீசியர்கள் கப்பற்படையோடு இருந்தார்கள். ஜோவான் டா குரூஸ் என்ற, ஏற்கெனவே கிறிஸ்தவராக மாறியிருந்த குதிரை வணிகரின் யோசனையின்படி பரவர்களின் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போனது. பாதுகாப்புக் கிடைத்தது. 1537-க்குள் அந்தக் கடற்கரையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்து முடிந்திருந்தது.

பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். அவர்தான் எல்லோரையும் மதம் மாற்றினார் என்று பள்ளியில் படித்திருக்கலாம். உண்மையில் அவர் வந்தபோது ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று, ஆனால் ஜெபம் சொல்லக்கூடத் தெரியாமல் இருந்த மக்களைத்தான் முதலில் பார்த்தார்.

ஞானஸ்நானம் என்றால் புதுப் பெயர் வேண்டும். ஞானத்தந்தை ஒருவரும் வேண்டும். அங்கே இருந்த போர்த்துக்கீசிய சிப்பாய்களும் வணிகர்களும் அதிகாரிகளும் ஞானத்தந்தைகளாக நின்றார்கள், அவர்களுடைய குடும்பப் பெயர்களையே புதிய கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொஞ்சம் ஞானத்தந்தைகள். அதனால்தான் தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ, மிராண்டா, வாஸ், ரொட்ரிகோ, கொரைரா, மோத்தா, டி குரூஸ் என்று அதே பெயர்கள் சுற்றிச்சுற்றி வருகின்றன.

கலப்புத் திருமணத்தால் வந்த பெயர்களா இவை? பெரும்பாலும் இல்லை. அதே நேரத்தில், சிலர் கேலியாகச் சொல்வது போல 'வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பெயர்' என்றும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமூகம் தன் கடலைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த அரசியல் முடிவின் ரசீது மாதிரி அது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, கத்தோலிக்கத்தை விடச் சொல்லி நெருக்கியபோதும் பெரும்பாலோர் விடவில்லை. பெயரையும் விடவில்லை.

அந்தப் பெயர் தமிழில் நன்றாகவே ஊறிவிட்டது. தமிழில் 'ஃப' ஒலி இல்லாததால் கடற்கரையில் அது பர்னாந்து ஆனது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவரை இன்றும் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து என்றுதான் எழுதுகிறார்கள். நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவைத் தெரியும் இல்லையா? அவர் தூத்துக்குடிக்காரர், இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிக்ஸ். 'பனிமய' என்பது தூத்துக்குடி பனிமய மாதா. எபிரேயத்தில் தொடங்கி, தமிழும் வடமொழியும் கலந்து, ஸ்பானிய அப்பா பெயரில் முடியும் ஒரு பெயர். அதைவிடத் தமிழ்க் கடற்கரைத்தனமான பெயர் கிடைக்காது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. தமிழ்நாட்டில் சாதிப் பெயரைப் பின்னால் போடுவது பொதுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கடற்கரையில் இந்தக் குடும்பப் பெயர் ஒருவரின் சமூகத்தைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. உள்நாட்டுக் கத்தோலிக்கர்களிடம் ஆரோக்கியசாமி, சவரிமுத்து, அடைக்கலம், சின்னப்பன் என்ற பெயர்கள்தான் அதிகம். சின்னப்பன் தனி ரகம்: பவுலுஸ் என்றால் லத்தீனில் 'சிறியவர்'. அதை அப்படியே தமிழாக்கி, புனித பவுலைச் சின்னப்பர் என்று அழைத்தார்கள். ஒரு பக்கம் லத்தீன் பெயரை ஒலியோடு எடுத்துக்கொண்டார்கள், இன்னொரு பக்கம் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பெயர் பின்னால் போனது, பின்பெயர் முன்னால் வந்தது

லிஸ்பனில் ஒருவரிடம் "என் குடும்பப் பெயர் பெர்னாண்டோ" என்று சொன்னால் கொஞ்சம் விழிப்பார். அங்கே பெர்னாண்டோ முதல் பெயர், பெர்னாண்டஸ்தான் குடும்பப் பெயர். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் பெர்னாண்டோவே குடும்பப் பெயராகிவிட்டது. ரொட்ரிகோவும் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிராகப் போன பெயர் சவேரியார். சவேரியார் என்பது பிரான்சிஸ் என்ற மனிதரின் பெயர் அல்ல, அவர் பிறந்த கோட்டையின் பெயர். ஸ்பெயினின் நவார் பகுதியில் இருக்கும் அந்த ஊரின் பெயருக்கு, பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். நம்ம ஆட்கள் அதைச் சவரிமுத்து, சவரியம்மாள், சேவியர் என்று முதல் பெயராக்கிவிட்டார்கள். 'புதுவீட்டுமுத்து' என்று ஒருவரைக் கூப்பிடுவதாக நினைத்துப் பாருங்கள்.

சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கும் வந்தார். 1552-இல் சீனக் கடற்கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தபிறகு, 1553-இல் சில மாதங்கள் அவர் உடல் மலாக்காவின் செயின்ட் பால் குன்றில்தான் புதைக்கப்பட்டிருந்தது. பிறகுதான் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். முத்துக்குளித்துறையும் மலாக்காவும் அப்போதே ஒரே கப்பல் பாதையில் இருந்த ஊர்கள். அந்தப் பாதையில் பெயர்கள் மட்டும் போகவில்லை. தமிழில் ஜன்னல், சாவி, மேசை, அலமாரி. மலாயில் ஜெண்டேலா, மேஜா, அல்மாரி, கெரெஜா, பெண்டேரா. எல்லாமே போர்த்துக்கீசியச் சொற்கள்தான்.

இலங்கையில் பெர்னாண்டோ எந்த மதம்?

இலங்கையில் இந்தப் பெயர் தமிழர், சிங்களர் இருவரிடமும் மிகப் பரவலாக இருக்கிறது. சிங்களத்தில் அதைப் 'பிரனாந்து' என்று எழுதுகிறார்கள். மொறட்டுவ, பாணந்துறைப் பகுதிகளில் பௌத்த பெர்னாண்டோக்கள் நிறைய. நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் கத்தோலிக்க பெர்னாண்டோக்கள், அவர்களில் பலருக்கு வர்ணகுலசூரிய என்ற பழைய வம்சப் பெயரும் சேர்ந்தே வரும். வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசும் குடும்பங்களும் அந்தக் கரையில் உண்டு. ஆகவே பெயரை வைத்து மதம், இனம், மொழி எதையும் ஊகிக்க முடியாத இடம் அது. ஊகித்தவர்கள் தவறியிருக்கிறார்கள்.

சரி, கிள்ளானுக்கு எப்படி வந்துச்சு?

ஒரே வழியில் வரவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அதனால்தான் தோட்டத்து லயங்களில் அந்தோணிசாமியும் சவரிமுத்துவும் அதிகம், பெர்னாண்டஸ் குறைவு. பெர்னாண்டஸ்கள் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் வந்தார்கள், இலங்கையிலிருந்தும் வந்தார்கள். கேரளாவிலிருந்து தோட்டக் கிராணிகளாகவும் கண்டக்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்த மலையாளிகளிடையே கொல்லம், கொச்சிப் பகுதியின் 'லத்தீன் கத்தோலிக்கர்' என்ற பிரிவினர் உண்டு. அவர்களிடம் இந்தப் பெயர் மிகச் சாதாரணம். கோவா, மங்களூரிலிருந்து வந்தவர்கள் வேறு. இதற்கெல்லாம் முன்பே, 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததிலிருந்து இங்கேயே இருக்கும் கிரிஸ்தாங் குடும்பங்களும் இருக்கின்றன.

எழுத்துக்கூட்டலில் ஒரு சின்னத் துப்புக் கிடைக்கும். ஆங்கில எழுத்தில் கடைசியில் 'எஸ்' வந்தால் கோவா வழியாக இருக்கலாம். 'இசட்' வந்தால் தமிழ் அல்லது மலையாளக் குடும்பமாக இருக்கலாம். 'பெர்னாண்டிஸ்' என்று 'ஐ' வந்தால் மலாக்காவாக இருக்கலாம். இது 'இருக்கலாம்' மட்டும்தான். 16-ஆம் நூற்றாண்டு போர்த்துக்கீசிய ஆவணங்களிலேயே 'எஸ்'ஸும் 'இசட்'டும் கலந்துதான் கிடக்கின்றன. இங்கேயும் பிறப்புப் பத்திரம் எழுதியவரின் கைக்கு எது வந்ததோ அதுதான் பெயர்.

மலேசியாவில் இந்தப் பெயரோடு பொதுவாழ்வில் இருந்தவர்களைப் பார்த்தாலே இந்த வழிகள் எவ்வளவு வேறுபட்டவை என்று தெரியும். 2001-இல் ஏர்ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய டோனி பெர்னாண்டஸின் தந்தை கோவாக்காரர். 1983 முதல் 2003 வரை கோலாலம்பூர் பேராயராக இருந்து, 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலான அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் கெடாவின் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். குடியேறிகளுக்கான தடுப்பு முகாம்களின் நிலையை வெளிக்கொண்டுவந்ததற்காகப் பல ஆண்டுகள் வழக்கைச் சந்தித்து, 2003-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2008-இல் விடுவிக்கப்பட்ட தெனாகானித்தா நிறுவனர் ஐரீன் பெர்னாண்டஸும் அதே சுங்கை பட்டாணிதான்.

இந்த வேறுபாட்டில் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. போர்த்துக்கீசிய வம்சாவளி யூரேசியர்கள் அமானா சஹாம் பூமிபுத்ரா போன்ற திட்டங்களில் முதலீடு செய்ய அனுமதி உண்டு. "உன் பேர் பெர்னாண்டஸ்தானே, நீயும் போடலாமே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அங்கே கேட்பது வம்சாவளி, பெயர் அல்ல.

'மகனின் மகன்': ஏ/எல் வந்த பிறகு

பிரிட்டிஷ் காலப் பதிவுகளில் இந்தியர் பெயருக்கு நடுவில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று போட்டார்கள். சிங்கப்பூரில் அது இன்னும் இருக்கிறது. மலேசியாவில் அது மலாய்க்கு மாறி 'ஏ/எல்', 'ஏ/பி' ஆனது. அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான். மகன், மகள்.

இப்போது எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர்: ஜோசப் ஏ/எல் பெர்னாண்டஸ். 'ஏ/எல்' என்றால் மகன். பெர்னாண்டஸ் என்றாலே 'பெர்னாண்டோவின் மகன்'. ஆக, மைகார்டில் இருப்பது 'ஜோசப், மகன், பெர்னாண்டோவின் மகன்'. மலாய் அரசுப் பதிவும் இடைக்கால லத்தீன் எழுத்தரும் ஒரே வேலையை ஒரே பெயரில் இரண்டு முறை செய்திருக்கிறார்கள், நடுவில் ஆயிரம் வருட இடைவெளி. 'மேரி ஏ/பி பெர்னாண்டஸ்' என்றால் இன்னும் வேடிக்கை: 'பெர்னாண்டோவின் மகனுடைய மகள்'.

குடும்பத்துக்குள்ளேயே இது குழப்பம் தரும். ஒரு பிள்ளையின் பத்திரத்தில் 'ஏ/எல்'லுக்குப் பின்னால் அப்பாவின் முதல் பெயர் மட்டும் இருக்கும், பெர்னாண்டஸ் விழுந்துபோயிருக்கும். தம்பிக்கு அப்பா பெயரும் பெர்னாண்டஸும் சேர்ந்து வரும். இன்னொரு பிள்ளைக்கு 'ஏ/எல்' இல்லாமலே பெர்னாண்டஸ் இருக்கும். பத்திரம் எழுதிய அன்று கவுண்டரில் என்ன சொன்னார்களோ, எழுதியவர் எதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டாரோ, அதைப் பொறுத்தது.

தலைவலி வெளிநாட்டுப் படிவங்களில்தான் வரும். மலேசியக் கடப்பிதழில் 'பெயர்' என்று ஒரே இடம்தான், குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆனால் விமான டிக்கெட், பல்கலைக்கழக விண்ணப்பம், விசா எல்லாம் இரண்டு கட்டம் கேட்கும். 'ஏ/எல்'லில் உள்ள சாய்கோட்டைக் கணினி ஏற்காது. 'ஏஎல்' என்று ஒட்டி எழுதுவோம். பிறகு ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து 'அன்புள்ள திரு ஏஎல்' என்று கடிதம் வரும். எனக்கும் ஒருமுறை வந்தது.

உங்கள் கடப்பிதழில் உள்ள சொற்கள் எல்லாமே, எதையும் விடாமல், இரண்டு கட்டங்களுக்குள் எங்கேயாவது வந்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், முதல் முறை எப்படிப் பிரித்தீர்களோ அப்படியே எல்லா இடத்திலும் பிரிப்பது. விசாவில் பெர்னாண்டஸைக் குடும்பப் பெயராக்கி, டிக்கெட்டில் முழுப் பெயரையும் ஒன்றாகக் கொட்டினால் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?

"எங்க குடும்பம் எந்த வழியா வந்துச்சு?" என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நல்ல இடம் பழைய பங்குக் கோயில்கள்தான். தோட்டங்களுக்கு நகரத்திலிருந்துதான் பாதிரியார் வந்துபோவார். அதனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு நகரத்துக் கோயிலில் இருக்க வாய்ப்பு அதிகம். கோல லங்காட், கிள்ளான் பக்கம் என்றால் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள லூர்து மாதா தேவாலயத்தில் கேட்டுத் தொடங்கலாம். கோலாலம்பூர் குடும்பம் என்றால் புடு, பிரிக்பீல்ட்ஸ்.

அந்தப் பதிவேடுகளைத் திறந்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். 1960-களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு கத்தோலிக்கப் பதிவுகளை லத்தீனில் எழுதுவது வழக்கம். அதனால் தோட்டத்து அந்தோணிசாமி அங்கே 'அந்தோனியுஸ்' ஆகியிருப்பார், சவரிமுத்து 'சவேரியுஸ்' ஆகியிருப்பார். 'ஃபிலியுஸ்' என்றால் மகன், 'ஃபிலியா' என்றால் மகள். 'பத்ரினுஸ்' ஞானத்தந்தை, 'மாத்ரினா' ஞானத்தாய். இந்த நான்கு சொல் தெரிந்தாலே பாதிப் பக்கம் புரிந்துவிடும். ஓரத்தில் பிற்காலத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது குறித்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் அது அவருடைய திருமணம் எங்கே, யாரோடு நடந்தது என்ற குறிப்பு. அடுத்த ஊருக்கான வழி அதில்தான் இருக்கும்.

போவதற்கு முன் கோயில் அலுவலகத்துக்கு போன் செய்துவிட்டுப் போங்கள். தேடும் ஆளின் பெயர், ஏறக்குறைய பிறந்த வருஷம், அப்பா அம்மா பெயர், தெரிந்தால் தோட்டத்தின் பெயர், இவ்வளவும் கையில் இருக்கட்டும். பழைய பதிவேடுகளில் குடும்பப் பெயரை வைத்து அட்டவணை போட்டிருக்கவேண்டும் என்று இல்லை, முதல் பெயரிலும் தேடுங்கள். ஆங்கில 'எஃப்' பக்கத்தில் பெர்னாண்டஸ் கிடைக்கவில்லை என்றால் 'பி' பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தாத்தா தன் பெயரைப் 'பர்னாந்து' என்றுதான் சொல்லியிருப்பார், எழுதியவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருப்பார்.